அடக்கப் புத்தகத்தில் என் பேர்

எங்கள் ராயபுரம் சந்திலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் என் அக்கா. நைனாவுக்கு அதில் பெருமைதான். அவள் சரித்திரம் எடுத்ததுதான் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து கால் கழுவும்போதெல்லாம், "செத்துப்போன ராஜாவ படிச்சி இன்னாம்மா பண்ணப்போற?" என்பார். அம்மா இதில் தலையிட மாட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பெரிய லீவில் அவரவர் ஊரைப் பற்றி விசாரித்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். யுத்தத்தில் குண்டு விழுமென்று பட்டணம் காலியானபோது எங்கள் சந்தில் யார் போனார்கள், யார் இருந்தார்கள் என்று எழுதப்போவதாக அக்கா சொன்னாள். அப்போது அவளையே அத்தையோடு திண்டிவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வேலையை விட முடியாத நைனாவோடு அம்மா இங்கேயே தங்கிவிட்டாள். அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் இருவரும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

அதனால் அக்கா சாமியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மாதா கோயில் பதிவேடுகளைப் பார்க்கப் போனாள். எட்டு வயதுக்காரியான நானும் ஒட்டிக்கொண்டேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று தனித்தனிப் புத்தகங்கள். அடக்கப் புத்தகத்தில் அவள் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது என் பேர் ஒன்றுதான். அது அங்கே இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் நைனாவின் பேரை அக்கா மெதுவாக வாசித்தாள்.

"தப்பா எழுதிட்டாங்க. அடிச்சிட சொல்லு," என்றேன். அக்கா அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்தான் முந்திக்கொண்டு, உயிரோடிருக்கிற என்னைச் செத்தவர்கள் புத்தகத்தில் எழுதியிருப்பதைச் சொன்னேன். அம்மா கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அக்காவிடம் கேட்டாள்.

"பேரு சரியா எழுதிகீறாங்களா?"

"சரியாத்தான் கீதும்மா."

"எங்க, காட்டு."

அக்கா நோட்டைத் திறந்து, அம்மாவின் விரலைப் பிடித்து அந்தப் பேரின்மேல் வைத்தாள். அப்போதுதான் உள்ளே வந்த நைனா, கால்கூடக் கழுவாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இரண்டு வருஷம் முன்னால், அக்கா திண்டிவனத்தில் இருந்தபோது பிறந்து, ஒன்பதே நாள் இருந்த ஒருத்திக்கு வைத்த பேர் அது என்பது, நான் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பை அடிக்கச் சொல்லாமல் சரியாக இருக்கிறது என்கிறார்களே என்று. சாப்பிட அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒரு தடவைகூட ஏன் என்று குரல் கொடுக்கவில்லை.