விடோ என்ற வரிக்குக் கீழே

டெச்சிமான் லாரி நிலையத்துக்குப் பின்னால், கிழங்கு மண்டியைத் தாண்டினால் ஒரு சின்ன அச்சகம் வரும். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரங்கல் போஸ்டர் தயாரிப்பவள் யா கொனாடு. பதினேழு வருடமாக அதே நாற்காலி. ஊரில் யார் செத்தாலும், சவம் ஐஸ் அறைக்குப் போன மறுநாளோ அதற்கடுத்த நாளோ உறவுக்காரர்கள் ஒரு நீளமான பட்டியலோடு அவள் முன்னால் வந்து நிற்பார்கள்.

போஸ்டர் இங்கிலீஷில் இருந்தால்தான் மரியாதை. வாயால் சொல்வது ஊர் மொழியில், சுவரில் ஒட்டுவது இங்கிலீஷில். இரண்டும் பொருந்தவே பொருந்தாது. பொருத்தி வைக்கிற வேலை கொனாடுவின் தலையில்.

"அம்மான்னு மூணு பேர் எழுதியிருக்கீங்களே, பெத்தவங்க யாரு?"

"பெத்தவ போய் இருபது வருஷமாச்சு. இவங்க மூணு பேரும் அவகூடப் பொறந்தவங்க. அம்மா இல்லாம வேற என்னவாம்?"

"இங்கிலீஷ்ல ஆன்ட்டின்னு போடணும்."

"ஆன்ட்டியா? கருவாடு விக்கிறவளைக்கூடத்தான் ஆன்ட்டின்னு கூப்பிடுறோம். பேசாம அம்மான்னே போடு தாயி."

அம்மா என்றே போட்டுவிடுவாள். 'கசின்' என்ற வார்த்தையை அவள் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தாள். பெரியம்மா மகனை அண்ணன் என்று போடாமல் கசின் என்று போட்ட ஒரு குடும்பத்தில், சவத்தைத் தூக்குவதற்கு முன்பே நாற்காலி பறந்தது. அதிலிருந்து எல்லோரும் அண்ணன் தம்பிதான். எந்தப் பெயருக்கு மேலே எந்தப் பெயர் வரவேண்டும், யாரை விட்டால் யார் கோபிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. அதற்குப் பிறகு அவள் அடித்த போஸ்டரால் சண்டை வந்தது கிடையாது.

பெடியாக்கோவை அவள் சந்தித்ததும் அந்த நாற்காலியில் இருந்துதான். அவன் டெச்சிமானுக்கும் குமாசிக்கும் நடுவே மினி பஸ் ஓட்டுகிறவன். தாய்மாமனின் இரங்கல் போஸ்டருக்காக வந்தான். மருமகன்கள் வரிசையில் தன் பெயரைச் சரிபார்த்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கே. ஆனா மாமா சிரிக்கிற போட்டோவைப் போட்டுட்டியே. அவர் ஆயுசுல சிரிச்சதே அந்த ஒரு தடவைதான்" என்றான். கொனாடுவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மறுவாரம் போஸ்டர் வேலை எதுவும் இல்லாமலே வந்தான். பெண்டாட்டி விட்டுப் போய் மூன்று வருடமாகிறது என்றான். ஆறு மாதத்தில் இருவரும் ஒரு அறை, ஒரு கூடம் உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். செர்வா பிறந்தாள்.

தலைச் சாராயம் மட்டும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு இரண்டு புட்டி சாராயம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் வாங்கிக்கொண்டால்தான் கல்யாணம். கொனாடுவின் மாமா கிராமத்திலிருந்து வந்து இரண்டு முறை கேட்டார். "இந்த ஈஸ்டருக்கு மாமா" என்றான் பெடியாக்கோ. அந்த ஈஸ்டரில் பஸ்ஸின் இஞ்சின் போனது. அடுத்ததில் அவன் அம்மா போனாள். பிறகு கொனாடுவே கேட்பதை விட்டுவிட்டாள். அவன் தினமும் வீட்டுக்கு வருகிறான், அவள் கையால் சாப்பிடுகிறான், மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போகிறான். இதற்கு மேல் இரண்டு புட்டியில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

பதினான்கு வருடம் அப்படியே ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, லாரி நிலையத்தில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் மூச்சு நின்றது.

அவனுடைய தாய்வழிக் குடும்பத்தார் அன்று மாலைக்குள் வந்துவிட்டார்கள். சவத்தையும் பஸ் சாவியையும் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கொனாடுவிடம், "பையில அவன் துணி இருந்தா கொடு" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குடும்பத்தின் மூத்தவர் ஜாம்ஃபி அச்சகத்துக்கு வந்தார். கையில் பட்டியல். அவர் கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேற இடத்துல கொடுத்தா கன்னாபின்னான்னு அடிப்பாங்க மகளே. அவன் நம்ம பையன். நீயே செஞ்சுடு."

கொனாடு பட்டியலைப் படித்துக்கொண்டே போனாள். துக்கத்துக்குத் தலைமை யார், சகோதரர்கள், சகோதரிகள், மருமகன்கள். பிள்ளைகள் வரிசையில் செர்வாவின் பெயர் இருந்தது. 'விடோ' என்ற வரிக்குக் கீழே அக்கோசுவா போக்குவா என்று எழுதியிருந்தது.

"ஐயா, இது..."

"தெரியும்."

"அவங்க போய் பதினேழு வருஷம் ஆச்சு ஐயா."

"போனா போனதா ஆயிடுமா? அவ அப்பன் வீட்டுல எங்க சாராயத்தைத் திருப்பிக் கொடுக்கலே. யாரு வீட்டுக்குச் சாராயம் போச்சோ அவதான் பொண்டாட்டி. நான் என்னம்மா பண்றது? உன் வீட்டுக்கு அவன் கொண்டுவந்தானா?"

கொனாடு பட்டியலை மேஜைமேல் வைத்தாள்.

ஜாம்ஃபி கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "உன் பேரையும் எங்கயாவது போடணும்னா போட்டுக்க. நான் வேணாங்கலே. ஆனா என்ன வார்த்தை போடுவே? இங்கிலீஷ் எல்லாம் உனக்குத்தானே தெரியும்" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். கொனாடு தனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் மனதுக்குள் புரட்டினாள். ஒய்ஃப் இல்லை. விடோ இல்லை. ஃபிரெண்ட் என்றால் சிரிப்பார்கள். பார்ட்னர் என்றால் பஸ்ஸில் பங்கு கேட்கிறாள் என்று நினைப்பார்கள். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் வார்த்தை எடுத்துக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒன்று அகப்படவில்லை.

"வேணாம் ஐயா" என்றாள். "போட்டோ கொண்டுவந்தீங்களா?"

அவர்கள் கொண்டுவந்தது மங்கிப்போன பழைய படம். இருபது வயதுப் பையன் மாதிரி இருந்தான். "இது வேணாம். என்கிட்ட நல்லது ஒண்ணு இருக்கு" என்று கைபேசியிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். செர்வாவின் பள்ளி விழாவில் எடுத்தது. பெடியாக்கோ வெள்ளைச் சட்டையில் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் தோளின் மேல் கொனாடுவின் கை. அவள் முகத்தை வெட்டுவது சுலபமாக இருந்தது. கை மட்டும் சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கி, சட்டையின் வெள்ளையை எடுத்து எடுத்து, ஒவ்வொரு விரலாக அழித்தாள். அதற்கு ஒரு மணி நேரமாயிற்று. ஜாம்ஃபி அதுவரை உட்கார்ந்திருந்தார்.

அவர் போன பிறகு முதலாளி டெட்டே வந்து அவள் பின்னால் நின்றார்.

"ஒரு வரி நீயா சேர்த்துடேன். இத்தனை பேர்ல யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் பாப்பாங்க முதலாளி."

திங்கட்கிழமை ஊர்ச் சுவர்களில் எல்லாம் பெடியாக்கோ நின்றான். புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண் கையில் கிழித்த போஸ்டரோடு அச்சகத்துக்குள் புயல் மாதிரி நுழைந்தாள்.

"எவடி இதை அடிச்சது? என் பேரை எவ இதுல போட்டது?"

கொனாடு எழுந்து நின்றாள். கேட்காமலே யாரென்று தெரிந்துவிட்டது.

"குடும்பத்துல கொடுத்த பட்டியல் அக்கா. நான் அடிக்கிறவ மட்டும்தான்."

"வெஞ்சியில எனக்கு ஒரு மனுஷன் இருக்கான். மூணு புள்ளைங்க இருக்கு. அவன் சந்தைக்கு வந்த இடத்துல இதைப் பார்த்துட்டு, சாப்பிடாமக் கொள்ளாம சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கான். 'இன்னொருத்தன் விதவையை நான் வச்சிருக்கேனா?'ன்னு கேக்கறான். நான் என்ன சொல்ல?" பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எங்கப்பன் அந்தச் சாராயத்தைத் திருப்பிக் கொடுக்காமலே செத்துத் தொலைஞ்சான். அது திரும்பாததால இவன் கொண்டுவந்ததை எங்க வீட்டுல வாங்கலே. இத்தனை வருஷமா நான் அங்கயும் இல்லே, இங்கயும் இல்லே."

டெட்டே ஒரு பொட்டலத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார். போக்குவா பல்லால் கிழித்து உறிஞ்சினாள். பிறகுதான் கொனாடுவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். தூக்கமில்லாமல் வீங்கின கண், சீவாத தலை.

"நீ... அவன்கூட இருந்தவ யாரோ அச்சாபீஸ்ல வேலை செய்யறான்னு சொன்னாங்களே."

"ஆமா அக்கா."

"ஐயோ சாமி. உன் கையாலயா இதை அடிச்சே?"

கொனாடு தலையாட்டினாள். பெடியாக்கோ செத்த அன்றிலிருந்து அதுவரை அழாதவள், தன் இடத்தில் பெயர் போட்டிருந்த பெண்ணின் முன்னால் உடைந்து அழுதாள். போக்குவா எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இப்ப யாரு? இங்கிலீஷ்ல எனக்கு என்ன பேரு, சொல்லு."

"எக்ஸ் ஒய்ஃப்னு ஒண்ணு இருக்கு அக்கா. ஆனா நம்ம வழக்கத்துல அது ஆகலையே."

"உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லே."

அன்றே போக்குவா ஜாம்ஃபியிடம் போனாள். சாவுச் சடங்கில் விதவை உட்காரும் நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்கார வையுங்கள், எனக்கு வேண்டாம் என்றாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். சாராயத்தை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பாய், வாங்க வேண்டியவன் ஐஸில் கிடக்கிறான் என்றார். நீ உட்கார்ந்து, ஒரு வருடம் கறுப்பு உடுத்திக் கழித்தால்தான் உன்னை விட முடியும். அதன் பிறகு வெஞ்சிக்காரன் தாராளமாக வரட்டும் என்றார். அவளுடைய குடும்பமும் அதையே சொன்னது.

அவன் செத்து நான்காவது வாரம், சனிக்கிழமை அடக்கம். ஷாமியானாக்களின் கீழ் வாடகை நாற்காலிகள், கறுப்பும் சிவப்புமாக ஜனங்கள், காதைக் கிழிக்கிற ஒலிபெருக்கி. கொனாடு மகளைப் பிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, துக்கம் கேட்க வந்தவர்களின் பந்தலில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பலரும் கறுப்பு உடுத்தியிருந்ததால் அவள் உடுத்தியதையும் யாரும் கேட்கவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் விதவை போய் விடைபெற வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போக்குவா எழுந்து இரண்டடி நடந்தாள். சட்டென்று தள்ளாடி நின்றாள்.

"தலை சுத்துது. என்னைப் புடிச்சுக்க ஆள் வேணும்."

அவள் தங்கை ஓடிவந்தாள். "நீ வேணாம், நீ புள்ளத்தாச்சி" என்று அவளைத் தள்ளிவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அதோ, அந்த அச்சாபீஸ் பொண்ணு வரட்டும். நல்ல தெம்பா இருக்கா."

பந்தல் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஜாம்ஃபி எழப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். கொனாடு போனாள். போக்குவாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டி இருந்த அறைக்குள் நடந்தாள். தாங்குகிறவள் யார், தாங்கப்படுகிறவள் யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

உள்ளே போனதும் போக்குவா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓங்கி ஒப்பாரி வைத்தாள். அத்தனை சத்தமாக அழுதால் பக்கத்தில் இருப்பவள் பேசுவது எவர் காதிலும் விழாது. கொனாடு பெட்டியின் மேல் குனிந்தாள். எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று நான்கு வாரமாக வைத்திருந்தாள். பவுடர் பூசின முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"செர்வா பாஸ் பண்ணிட்டா" என்றாள். "வியாழக்கிழமைதான் ரிசல்ட் வந்துச்சு."

அவ்வளவுதான் வந்தது. போக்குவா இன்னும் கொஞ்ச நேரம் அழுதுகொண்டே இருந்தாள். ஆட்கள் வந்து தொட்டுக் கூப்பிட்ட பிறகே நிறுத்தினாள்.

தாய்வழி வழக்கப்படி பஸ் பெடியாக்கோவின் அக்கா மகனுக்குப் போனது. வாடகை வீடு கொனாடுவிடமே இருந்தது. அவள் மாமா கிராமத்திலிருந்து வந்து, "ஒரு வகையில நல்லதாப் போச்சு. கறுப்பு உடுத்திக்கிட்டு வருஷம் பூரா மூலையில உக்கார வேண்டியதில்லே" என்று ஆறுதல் சொன்னார். கொனாடு பூப்போட்ட உடைகளை உடுத்தி வேலைக்குப் போனாள். வெஞ்சியில், வேண்டாம் வேண்டாம் என்ற போக்குவா கறுப்பு உடுத்திக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு முறை சந்தைக்கு வரும்போது அச்சகத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். வருடம் முடிந்து அந்த வெஞ்சிக்காரன் இரண்டு புட்டியோடு அவள் வீட்டுக்குப் போனான். கொனாடுவைக் கூப்பிட்டிருந்தார்கள். போய், மற்றப் பெண்களோடு சேர்ந்து பாடிவிட்டுத்தான் வந்தாள்.

பட்டியலோடு வருகிறவர்களிடம் அவள் இப்போது ஒரு கேள்வி அதிகமாகக் கேட்கிறாள். "கடைசியா அவர்கூட வீட்டுல இருந்தது யாரு?" சிலர் முறைப்பார்கள். ஒன்றிரண்டு பேர் தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொல்வார்கள். அதைப் பிள்ளைகளின் வரியில், இன்னாரின் வயிற்றுப் பிள்ளைகள் என்று சேர்த்துவிடுவாள். மறுத்தால் வற்புறுத்த மாட்டாள்.

இந்த வருடம் மழை தொடங்கின சமயத்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு இளம்பெண் வந்தாள். கையில் சின்னக் கம்ப்யூட்டர். பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவள், "மேரிட்டா, சிங்கிளா, டைவர்ஸா, விடோவா?" என்றாள்.

"ஒருத்தர்கூட பதினாலு வருஷம் இருந்தேன். செத்துட்டார்."

"சாராயம் கொடுத்தாங்களா ஆன்ட்டி? சர்ச்சு?"

"ரெண்டும் இல்லே."

அந்தப் பெண் விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "சேர்ந்து வாழறவங்கன்னு ஒண்ணு இருக்கு. ஆனா அவர் உயிரோட இருந்தாத்தான் அது. இப்ப... 'நெவர் மேரிட்'னுதான் போட முடியும்." அவளுக்கே சங்கடமாக இருந்தது. "போடட்டுமா?"

கொனாடு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கிழங்கைக் குத்திப் பார்த்தாள். இன்னும் வேகவில்லை.

"போட்டுக்கம்மா" என்றாள்.

அந்தப் பெண் போட்டுக்கொண்டாள். அடுத்த கேள்வி, வீட்டுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது.