பச்சைப் பூநாரை

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரர் என்று நான் நம்பியதற்கு ஒரே காரணம், அவர் என்னிடம் கேள்வி கேட்பார் என்பதுதான். அப்போது எனக்கு ஏழெட்டு வயது. சரியான பதிலுக்குக் கடலை மிட்டாய் உண்டு. கேள்விகள் எல்லாமே நிறத்தைப் பற்றியவை. உப்பளத்துக்கு என்னையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவார். பாத்தியோரம் நிறுத்தி, "தண்ணி என்ன கலரு, சொல்லு பாப்போம்?" என்பார். உப்பு விளையப்போகும் தண்ணீர் லேசாகச் சிவக்கும். "செவப்பு மாமா" என்பேன். "சரியா சொல்லிட்ட" என்று முதுகில் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். நான் மகாராணி போலப் பின்னால் நடப்பேன்.

மழை பிடித்துவிட்டால் மரக்காணத்தில் உப்பு வேலை கிடையாது. அந்த மாதங்களில் மாமா வேப்பம்பலகையில் சிற்பம் செதுக்குவார். சுனாமிக்கு மறுவருஷ மழையில் அவர் செதுக்கியது பூநாரைக் கூட்டம். பலகையிலிருந்து அரைவிரல் உயரத்துக்குப் புடைத்துக்கொண்டு சில பறவைகள் சிறகை விரித்திருக்கும். ஓரத்தில் ஒரு நரி ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். ஈ.சி.ஆர். ரோட்டில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிச்சுக் குடுப்பா. நல்லா வந்தா ரூமுக்கு ஒண்ணு செய்யலாம்" என்றார். அது நடந்தால் மாமா உப்பளத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. உப்புத்தண்ணீரில் வெடித்துப்போன அவர் பாதங்களுக்கு விடுதலை.

வீட்டில் எந்நேரமும் இதே பேச்சுதான். அப்பா பெயின்ட் கட்சி. அம்மா அதைவிடத் தீவிரமான பெயின்ட் கட்சி. மாமா மட்டும், "மரம் மரமாவே இருக்கட்டுமேக்கா" என்று இழுத்தார். தேடி வந்த சீதேவியைக் காலால் உதைக்காதே என்று அம்மா அதட்டியதும் அடங்கினார்.

எனக்கோ வேறு ஆவல். பூநாரை உண்மையில் என்ன நிறம்? மாமா என்னைக் கழிவெளி ஏரிப் பக்கம் கூட்டிப்போனார். தண்ணீரில் நின்றபோது எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தன. ஒரு நாய் குரைத்ததும் மொத்தக் கூட்டமும் எழும்பியது. சிறகுக்குள் அப்படி ஒரு ரோஸ்! நான் குதித்துக் கத்தினேன். "எங்க? எந்த எடத்துல ரோஸு?" என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். வீட்டுக்கு வந்து பலகையில் விரல் வைத்துக் காட்டும்வரை விடவில்லை.

மீனவர் குப்பத்தில் அந்த வருஷம் படகுகளுக்கெல்லாம் புதுப் பெயின்ட். மிச்சத்தைக் கொட்டாங்குச்சிகளில் வாங்கி வந்தார். நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது அடித்தும் முடித்துவிட்டார். நான் திரும்பி வந்தால், அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூநாரைகளின் சிறகெல்லாம் வெளிர்பச்சை.

"ஏன்டா, கிளிக்கு எதுக்குடா இவ்ளோ நீட்டுக் காலு?"

மாமா பலகையைப் பார்த்தார். கொட்டாங்குச்சிகளைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "உன்னச் சிரிக்க வெக்கத்தான்க்கா அடிச்சேன்" என்றார்.

பெயின்ட் காய்ந்ததும் சுரண்டியெடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் எண்ணெய் பூசி வைத்தார். லாட்ஜ்காரர் வந்தபோது, "பெயின்ட் அடிக்கிறதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். அவர் வெறுங்கையோடு போனார். தை பிறந்ததும் மாமா மறுபடி உப்பளத்துக்குப் போனார். வீம்பு பிடித்தவன் என்று அம்மா வருஷக்கணக்கில் திட்டினாள். எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

அந்தப் பலகை இப்போது என் வீட்டில் இருக்கிறது. போன மாதம் என் மகன் அதைப் பார்த்து வரைந்து, ரோஸ் அடித்திருக்கிறேன் என்று கொண்டுவந்து நீட்டினான். சிறகெல்லாம் வெளிர்பச்சை. கண் டாக்டர் புள்ளிப் படங்களைக் காட்டிச் சோதித்துவிட்டு, இவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்றார். தாய்வழியில் வருவதாம். உங்கள் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

என் வாயில் கடலை மிட்டாய் இனித்தது. தண்ணீர் சிவந்தது தெரியாத ஆளை எந்த உப்பளத்தில் வைத்துக்கொள்வார்கள்? மாமா ஒருநாளும் என்னைச் சோதிக்கவில்லை. "சரியா சொல்லிட்ட" என்று அவர் முதுகில் தட்டிய ஒவ்வொரு முறையும், நான் சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.