சூரியனைப் பார்க்கச் சொன்னேன்

ஒரு மீனவனின் வலது கண்ணை நான் பொய் சொல்லிக் கெடுத்தேன். பிறகு ஊர் அவனுக்குச் செய்த அநியாயத்தையும் வாய்மூடிப் பார்த்திருந்தேன்.

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்களுக்கு நான் துபாசி. அவர்கள் பேச்சைத் தமிழிலும் ஊரார் பேச்சை அவர்கள் மொழியிலும் சொல்வது என் வேலை. அங்கே ஓர் அதிகாரிக்கு வானசாஸ்திரத்தில் பித்து. அறையொன்றை இருட்டாக்கி, சன்னல் கதவின் துளையில் தொலைநோக்கியைப் பொருத்தினார். அதன் வழியே வந்த வெயில் எதிரே வைத்த வெள்ளைத் தாளில் தட்டளவு வட்டமாக விழுந்தது. அதில் மிளகு சிந்தியதுபோல் கரும்புள்ளிகள். நாள்தோறும் அவற்றை வரைந்தார். எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தன. விளிம்பை நெருங்கியதும் ஒடுங்கி மறைந்தன. உருண்டை திரும்பினால் அதன் மேலுள்ள பொட்டு அப்படித்தான் ஒடுங்கும், ஆகவே சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்றார். போக முடியாத இடத்தைப் பற்றி அங்கிருந்து வரும் வெளிச்சத்திடம்தான் விசாரிக்க வேண்டும் என்பார். அந்தப் பேச்சை நான் என்னுடையதுபோல ஊரில் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் பக்கத்துத் தோணிரேவு ஊர் மீனவன் ஒருவன், அதிகாரியின் பெட்டிகளைத் தோணியில் கொண்டுவந்து அந்த அறையில் இறக்கினான். கூட நாலைந்து பேர்.

“இன்னா துபாசியாரே, தொர தும்முனா அத்தயும் தமிழ்ல சொல்லுவியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காதுவரை சுட்டது.

அதிகாரி தாளை மாற்றிக்கொண்டிருந்தார். மீனவன் தொலைநோக்கிக் குழாயின் முனையில் குனிவதைக் கண்டதும், கண்ணை வைக்காதே, எரிந்துவிடும் என்று தம் மொழியில் கத்தினார்.

“இன்னான்றாரு?”

“ஆசையிருந்தா பாத்துக்கன்றாரு” என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

கண் கூசி அவன் துள்ளுவான், இந்த முறை அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அதிகாரி ஓடிவந்து இழுப்பதற்குள் பார்த்துவிட்டான். எச்சரித்தும் கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

அந்தக் கண்ணுக்கு நடுப்பார்வை போய்விட்டது. சூரிய பகவானை வேவு பார்த்ததற்குத் தண்டனை என்றது ஊர். ஏரியில் வலை கட்டும் இடங்களை முறைபோட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். சாமி குத்தம் உள்ளவன் வலை கட்டினால் இறால் அண்டாது என்று அவன் பாட்டைப் பறித்தார்கள். அவனும் மனைவியும் சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்தார்கள். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லவில்லை.

அதிகாரி கப்பலேறி நெடுநாள் கழித்து, பாடு பிரிக்கும் நாளில் போய் எல்லார் முன்னும் சொன்னேன். ஊர்ப் பெரியவர் என்னை நம்பவில்லை.

“கோட்டைக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு சொல்லியே பொழச்சவன் நீ. இத்த எவன் சொல்லச் சொன்னான்?” என்றவர், மீனவன் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுப்பா. இவனா பாக்கச் சொன்னான்?”

ஆமாம் என்றால் போதும், பாடு திரும்பிவிடும். அவன் என்னை நேராகப் பார்க்காமல் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“இல்ல. நானாத்தான் பாத்தேன்.”

கரையில் அவனைப் பிடித்து நிறுத்தி, ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன்.

“சாமி அடிச்சான்னா ஊரு பயப்படுது. துபாசி ஏமாத்தனான்னா சிரிக்கும். நீ போ.”

கூட நின்ற மனைவி அவனைப் பார்த்துக் கத்தினாள்: “உன் ரோஷத்த உலையில போட்டு வேக வெக்கட்டா?”

அவன் இறால் துழாவ ஏரியில் இறங்கினான். அந்த ஆண்டும் அவன் பாடு வேறொருவனுக்குப் போனது.