நான்கு முறை கேட்டவர் எங்கே போனார்?

போன மாதம் ஷபானா ஒரு லிஸ்ட் காட்டினாள். நான் டோக்கன் கொடுக்கிற கிளினிக்கின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள். அதில் ஜனங்கள் என்ன டைப் பண்ணித் தேடுகிறார்களோ, அது அப்படியே பதிவாகுமாம். ஆள் யார் என்று தெரியாது. கேள்வி மட்டும் தெரியும்.

"அண்ணா, இதைப் பாருங்க. பௌர்ணமி நெருங்கினா இதே கேள்விதான் ஜாஸ்தி."

சுகர் இருந்தால் வெறுங்காலோடு கிரிவலம் போகலாமா? காலில் புண், மலை சுற்றலாமா?

ஒருவர் வார்த்தையை மாற்றி மாற்றி அடுத்தடுத்து நான்கு முறை கேட்டிருக்கிறார். நான்கு முறையும் 'எதுவும் கிடைக்கவில்லை'.

"பதில் இருக்குதுண்ணா. 'நீரிழிவுப் பாதப் பராமரிப்பு'னு தலைப்பு வெச்சிருக்கோம்."

"வாசல்ல ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லயேம்மா."

"அதான். கிடைக்கலன்னதும் போயிட்டாங்க."

எங்கே போயிருப்பார்? நடக்கத்தான்.

என் மனைவி செல்விக்கும் சுகர். இடது பாதத்தில் புண். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்கு மலை சுற்றுவதாக வேண்டுதல்... இந்தப் பௌர்ணமிக்கு.

ஷபானா அன்றே தலைப்பை மாற்றினாள். 'சுகர் உள்ளவர்கள் கிரிவலம் போகலாமா?' கீழே டாக்டரின் பதில்: புண் இருந்தால் நடக்கக் கூடாது.

வீட்டில் செல்வியிடம் போனைக் கொடுத்தேன். படித்தாள்.

"டாக்டரு நடக்காதன்னுதான் சொல்வாரு. வேண்டிக்கிட்டது அவரா?"

மறுநாள் ஷபானாவிடம் அப்படியே ஒப்பித்தேன். சிரித்தாள். லிஸ்ட்டைத் திறந்தாள். அங்கேயும் யாரோ கேட்டிருந்தார்கள் – வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் தப்பா?

உடம்புக் கேள்வியும் சாமிக் கேள்வியும் சேர்ந்துதான் வருகின்றன. நாம்தான் ஒன்றை வாசலில் கழற்றிப் போடச் சொல்கிறோம்.

"எனக்கு கிரிவலம் பத்தி என்னண்ணா தெரியும்? நீங்களே சொல்லுங்க, எழுதறேன்."

"பௌர்ணமி மாசாமாசம் வருது. மலை எங்கயும் போயிடாது. புண்ணு ஆறட்டும், அப்புறம் சுத்துங்கனு போடும்மா."

டாக்டர் படித்துப் பார்த்தார். 'செருப்போடு' என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அவ்வளவுதான். அன்று இரவு அந்தப் பக்கத்தைத் திறந்து போனைச் செல்வியிடம் கொடுத்தேன்.

பௌர்ணமி வந்தது. செல்வி வீட்டில்தான் இருந்தாள்.

அடுத்த நாள் லிஸ்ட்டில் ஒரு புதுக் கேள்வி: கால் புண் ஆற எத்தனை நாள் ஆகும்?

கேட்டது யார் என்று ஷபானாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்!