மானிட்டருக்குப் போட்ட மாலை

ராயபுரத்தில் சரக்கு கிளியரிங் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூலையில் இருக்கும் விண்டோஸ் 98 கம்ப்யூட்டர்தான் எங்கள் மெயில் சர்வர். வெளியிலிருந்து வரும் மெயில்களை இறக்கி எங்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை.

அதை வைத்த மாதமே ஆயுத பூஜை வந்தது. முதலாளி அதையும் அணைத்து, பொட்டு வைத்து, மானிட்டரே மறையும்படி சாமந்தி மாலை போட்டார்.

"இது மட்டும் ஓடட்டும் சார்" என்றேன்.

"மெஷினுக்கும் ஒருநாள் ஓய்வு வேணாமாம்மா?" என்றார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து ஆன் செய்தார். மாலையை வாடும்வரை எடுக்கக் கூடாதாம். யாருக்கும் மெயில் வரவில்லை. சர்வரை அமைத்துக் கொடுத்த சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன்.

"அது தானா ஓடும்க்கா. லைன்தான் பேஜார் பண்ணுது" என்று போனை வைத்துவிட்டார்.

மதியம்வரை பொறுத்தேன். பிறகு மாலையைப் பிடுங்கி எறிந்தேன். திரையில் பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டினால்தான் சர்வர் கிளம்பும் என்று அந்த ஆள் சொல்லவே இல்லை.

பாஸ்வேர்டு கொடுத்ததும் மெயில்கள் இறங்கின. முதலில் இருந்தது, அன்று எங்கள் குடோனில் இறக்க வேண்டிய கண்டெய்னரில் ஆசிட் டிரம் கசிகிறது, திறக்க வேண்டாம் என்ற மெயில்.

உடனே எர்ணாவூர் குடோன் மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

"ஒரு கதவு தொறந்தோம்மா. கண்ணு எரிஞ்சிது, மூடிட்டு நாலு பேரும் வெளில நின்னுகினு கீறோம்" என்றார்.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மாலையை எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

அன்றே அந்தக் கட்டம் வராதபடி மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு அந்த மெஷின் ஓடிக்கொண்டேதான் பொட்டு வைத்துக்கொள்கிறது. மாலையோடு யாராவது வந்தால், குடோன் ஆட்கள் நாலு பேர் போட்டோவுக்குப் போட வேண்டி வந்திருக்கும் மாலை அது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்.