சிவப்பு ஜீப்பும் சாப்பாட்டு டெஸ்ட்டும்

1. விற்காத வண்டி

"லெட்சு, இந்தத் தீபாவளிக்குள்ள அந்தச் செவப்பு போகலன்னா, நானே ஓட்டிக்கிட்டுப் போய் கிள்ளான் ஆத்துல விட்டுருவேன் லா!"

எங்கள் பாஸ் மணியம் இதை என்னிடம் வாரம் ஒரு தடவையாவது சொல்வார். கிள்ளானில் பழைய ஃபோர்வீல் வண்டிகள் விற்கும் யார்டு எங்களுடையது. தலை நரைக்கும் அளவுக்கு அங்கே சேல்ஸில் இருந்துவிட்டேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள், "கஸ்டமருக்கு எந்த வண்டிய காட்டறதுன்னு எப்படி அக்கா தெரியும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தச் சிவப்பு ஜீப்பின் கதை.

இரண்டு கதவு, மேனுவல் கியர். முன்பு வைத்திருந்தவர் லிஃப்ட் கிட் போட்டு நாலு இஞ்ச் உயர்த்தி, தடித்த மட் டயர் மாட்டி, மேலே இரும்பு ரூஃப் ராக் வைத்து, பக்கவாட்டில், ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிட, ஸ்நோர்கல் குழாயும் பொருத்தியிருந்தார். யார்டுக்குள் வருகிற ஆண்கள் எல்லோரும் நேராக அதனிடம்தான் போவார்கள். தடவிப் பார்ப்பார்கள், ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பார்கள். அடுத்த வாரம் மனைவியோடு வருவார்கள். அந்த அம்மா ஏற முடியாமல் ஒரு காலைத் தூக்கி நிற்பதோடு பேரம் முடிந்துவிடும்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் கொள்கை அப்படி. வண்டியை ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்காதே, திங்கட்கிழமைக்காக வாங்கு. காட்டுக்குப் போவது வாரத்தில் ஒரு நாள். ஃபெடரல் ஹைவே ஜாமில் நிற்பது மற்ற நாள் எல்லாம். இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேருக்கு அடக்க ஒடுக்கமான ஆட்டோ கியர் பிக்கப்பை விற்றிருக்கிறேன். யார்டில் எனக்கு 'மண்டே அக்கா' என்று பட்டப்பெயரே உண்டு.

2. தேவன் கொடுத்த வாக்கு

தேவனும் வாசுகியும் வந்தது அப்படி ஒரு தீபாவளி நெருங்கிய நேரம். தேவன் ஏர்கோன் பழுது பார்ப்பவர். வாசுகி பெட்டாலிங் ஜெயாவில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வீடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு அபார்ட்மென்ட். வாசுகி ஓட்டிக்கொண்டிருந்த குட்டி கார் உயிரை விட்டுவிட்டது. தேவனுடைய கம்பெனி வேனை வேலை நேரத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே வாங்கப்போவது ஒரே வண்டி. வாரநாளில் வாசுகியை வேலைக்குக் கொண்டுபோக வேண்டும், ஞாயிறு காலையில் தேவனைச் சேறும் செம்பனைத் தோட்டமுமான பாதைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை நண்பர்களின் வண்டியில் தொற்றிக்கொண்டு போனவர் அவர்.

"அக்கா, நான் வாக்குக் குடுத்துட்டேன். அவளுக்குப் புடிச்ச வண்டிதான். அதுல காட்டுக்குப் போக முடியலன்னா, நான் டிரெயில் போறதையே விட்டுடறேன்" என்றார் தேவன். சொன்ன வாய் அவருடையது. கண் மட்டும் சிவப்பு ஜீப்பின் மேலேயே இருந்தது.

வாசுகி என்னைத் தனியே இழுத்தாள். "அக்கா, வாரம் பூரா அடுத்தவங்க வீட்டு ஏர்கோனுக்குக் கீழ ஏணியில நிக்கிற மனுஷன். ஞாயித்துக்கெழமை ஒண்ணுதான் அவருக்கு. அதையும் புடுங்கிட்டா நான் மனுஷியா? ஆனா மாட்டு வண்டி மாதிரி ஆடற வண்டியில நைட் ஷிப்ட் முடிச்சு நான் எப்படி வர்றது?"

எனக்கு இரண்டு பேரையும் பிடித்துவிட்டது. இப்படி ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கிற ஜோடிக்கு வண்டி விற்பதுதான் கஷ்டம். சண்டை போடுகிறவர்களுக்குச் சுலபம், யார் குரல் பெரிதோ அவருக்கு விற்றுவிடலாம்.

3. சாப்பாட்டு டெஸ்ட்

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. யார்டுக்கு முன்னாலுள்ள வழவழப்பான ரோட்டில் டெஸ்ட் டிரைவ் கொடுக்க மாட்டேன். பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போய், வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தந்து, அதே வண்டியில் திருப்பிக் கூட்டிவருவேன். வெறும் வயிற்றில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ரசமும் மோரும் வயிற்றில் இருக்கும்போது ரோட்டு மேடான ஒரு பம்ப்பில் ஏறி இறங்கிப் பாருங்கள், சஸ்பென்ஷன் எப்படி என்று வயிறே சொல்லிவிடும். இதைப் பாஸ், "கம்பெனி காசுல நீ சாப்பிட கண்டுபுடிச்ச டெஸ்ட்" என்பார். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதல் நாள் வெள்ளி நிற பிக்கப்பில் போனோம். நாலு கதவு, ஆட்டோ, குளுகுளு ஏர்கோன். வாசுகி, "நல்லா இருக்கு" என்றாள். தேவனும், "நல்லா இருக்கு" என்றார். துக்க வீட்டில் காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்வார்களே, அந்தக் குரல். அதோடு பிக்கப் அநியாய நீளம். பிரிக்பீல்ட்ஸ் சந்தில் பார்க்கிங் தேடி மூன்று சுற்று வந்தோம். கடைசியில் அதன் வால் ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்க, பயந்து பயந்து சாப்பிட்டோம். பின்பக்கம் பாரம் இல்லாததால் திரும்பும் வழியில் ஒவ்வொரு பம்ப்பிலும் குதித்தது.

"அந்தச் செவப்பையும் ஒரு தடவ பாத்துடலாமே அக்கா. பாக்காம வேணாம்னு சொன்னா அவரு மனசுல நிக்கும்" என்றாள் வாசுகி. சிவப்பு தோற்கட்டும், பிறகு பிக்கப்பில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த நாள் தேவன் ஓட்ட, சிவப்பில் கிளம்பினோம். ஹைவேயில் மட் டயர் போட்ட இரைச்சலில் பேசியது எதுவும் கேட்கவில்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் அந்தக் குட்டை வண்டி சடக்கென்று திரும்பியது. நேற்று சுற்றிய இடத்தில் ஒரே மூச்சில் ஒரு கட்டட கார் பார்க்குக்குள் நுழைந்துவிட்டோம். நுழைவாயிலில் தொங்கிய உயரக் கம்பியைத் தொடாமல் நூலிழையில் தப்பினோம்.

வயிறு முட்டச் சாப்பிட்டோம். வெளியே போகும் வழி வேறு வழி என்பதை மூன்று பேருமே கவனிக்கவில்லை.

4. வெளியே போகும் வழி

அந்த வழியில் கூரைக்குக் கீழே ஒரு தண்ணீர்க் குழாய் ஓடியது. ரூஃப் ராக் அதற்கு இரண்டு விரல் உயரம் அதிகம். பின்னால் வரிசையாகக் கார்கள். ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. ராக்கைக் கழற்றலாம் என்றால் எங்களிடம் ஸ்பேனர் இல்லை. காவலுக்கு இருந்த ஜாகா கையை விரித்து, "ரிவர்ஸ் தா போலே!" என்று மலாயில் கத்தினார். ரிவர்ஸ் போக முடியாதுதான், பின்னால் இடமே இல்லை.

தேவன் குதித்து இறங்கினார். நான் முன்சீட்டிலிருந்து அவரைப் பார்த்தேன். முகத்தில் பதற்றத்தையே காணோம். சட்டைப்பையிலிருந்து காற்றழுத்தம் பார்க்கும் டயர் கேஜை எடுத்தார். டிரெயில் போகிறவர்கள் பர்ஸை மறந்தாலும் கேஜை மறக்க மாட்டார்கள். "சேத்துல எறங்கும்போது காத்தக் கொறைப்போம்ல அக்கா, இங்கயும் கொறைப்போம்" என்று நாலு டயரிலும் காற்றை இறக்கினார். வண்டி மெல்லத் தாழ்ந்தது. இன்னும் ஒரு விரல் பாக்கி.

அப்போதுதான் பின்சீட்டிலிருந்த வாசுகி ஸ்டியரிங்குக்குத் தாவினாள். அவளுடைய குட்டி காரும் மேனுவல்தான். ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஹார்ன் அடித்தவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"அண்ணே! ஹார்ன் அடிச்சா கொழா மேல போயிடுமா? எல்லாரும் இப்பத்தானே சாப்ட்டு வர்றீங்க? வந்து ஏறுங்க, வெயிட்டுல வண்டி எறங்கட்டும்!"

ஹார்ன் நின்றது. பிறகு பெரிய தொந்தியோடு ஒரு அண்ணன் இறங்கி வந்தார். "எனக்கு ரெண்டு எலைச் சாப்பாடும்மா, நான் ஒருத்தன் போதும்" என்றார். ஆனாலும் பின்சீட்டில் அவரோடு இன்னும் இரண்டு பேர் நசுங்கி உட்கார்ந்தார்கள், பம்ப்பரில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டார்கள். ஜாகாவும் ஏறிவிட்டார்.

"வா... வா... மெதுவா... கிளச்ச டக்குனு விடாத வாசு!" தேவன் முன்னால் பின்னோக்கி நடந்தபடி, குழாயைப் பார்த்துக் கையசைத்தார். வாசுகி வண்டியை லோ கியரில் போட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். ராக் குழாயை உரசிய மாதிரி 'கிர்' என்றது. அதன் பிறகு வெயில் முகத்தில் அடித்தது.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். வாசுகி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நிறுத்த முடியவில்லை அவளால். பெட்ரோல் ஸ்டேஷனில் காற்று ஏற்றும்போதும் சிரித்தாள், கிள்ளான் வரும் வரையிலும் அவள்தான் ஓட்டினாள், சிரித்துக்கொண்டேதான் ஓட்டினாள். தேவன் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

யார்டில் இறங்கியதும் வாசுகி சாவியைக் கையில் பொத்திக்கொண்டாள். "அக்கா, இதுதான்."

"ரொம்ப ஆடுமே, வாசுகி?"

"நீங்கதான் இருக்கீங்களே. ஆட்டத்தக் கொறைச்சுக் குடுங்க."

குறைத்துக் கொடுத்தோம். லிஃப்ட்டைப் பாதியாக இறக்கினோம். மட் டயருக்குப் பதில் இரைச்சல் குறைந்த ஆல்-டெரெய்ன் டயர். ராக்கைக் கழற்றினோம். ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி வைத்தோம். கழுத்தளவு ஆற்றில் இறங்கப்போவதில்லை என்பதால் அந்த மாற்றங்களால் தேவனுக்கு நஷ்டமில்லை. ஃபோர்-லோ கியரும் நல்ல டயரும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு அதுவே தாராளம். அபார்ட்மென்ட் கார் பார்க்கின் உயரக் கம்பிக்குக் கீழும் வண்டி சிக்காமல் போனது.

கோவிலில் பூஜை போட்ட அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐயர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முடித்தார். "சாமி, பின்கதவுல அஞ்சாவது டயர் தொங்குதே, அது கோவிச்சுக்காதா?" என்றாள் வாசுகி. ஐயர் சிரித்து, அதற்கும் ஒரு பழத்தைக் கட்டிவிட்டார். வண்டியை நகர்த்திப் பழங்களை நசுக்கியது அவள்தான். பாஸ் மணியம் என் காதருகே, "கிள்ளான் ஆறு தப்பிச்சிச்சு லா" என்றார்.

5. மறுபடியும் தேவன்

சில மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை தேவன் யார்டுக்கு வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்.

"என்ன தம்பி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டிக்கு என்ன அக்கா, ராஜா மாதிரி இருக்கு. வாரநாளெல்லாம் அவ வேலைக்கு எடுத்துட்டுப் போறா. ஞாயித்துக்கெழமை டிரெயில்லயும் அவதான் ஓட்டறா. நர்ஸ் தோழிங்கள ஏத்திக்கிட்டு முன்னால போறா. நான் பின்சீட்டுல உக்காந்து சாப்பாட்டு டப்பாவ புடிச்சிக்கிட்டுப் போறேன். எனக்குன்னு ஒரு வண்டி இருக்குமா அக்கா?"

அவர் தலைகுனிந்து சொன்னாலும், உதட்டோரத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது. பெருமை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த ஞாயிற்றுக்கிழமை இப்போது இரண்டு பேருக்கும் சொந்தமாகிவிட்டது.

அன்றிலிருந்து இந்த மண்டே அக்கா கொஞ்சம் மாறிவிட்டாள். பிள்ளைகளே, கஸ்டமர் தினமும் எங்கே போகிறார், எங்கே நிறுத்துகிறார், அங்கே கூரை எவ்வளவு உயரம் என்று கேளுங்கள், அதை விடாதீர்கள். ஆனால் வண்டியிலிருந்து இறங்கும்போது யார் சிரிக்கிறார்கள் என்றும் பாருங்கள். சாவியை அவர்கள் கையில் கொடுங்கள்.

அன்று தேவன் சுற்றும் முற்றும் பார்த்தார். வெள்ளி நிற பிக்கப் இன்னும் விற்காமல் அங்கேயே நின்றது. அதற்குப் பக்கத்தில் அன்றுதான் வந்திறங்கிய ஒரு பச்சை ஜீப். அவர் கண் எதன் மேல் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"சனிக்கெழமை வாசுகியக் கூட்டிக்கிட்டு வாங்க தம்பி" என்றேன். "ரெண்டு பேரும் சாப்பிடாம வாங்க."