டோர்ச்சுக்கு எதற்குக் கெமரா

போன் திருத்துகிறவனுக்கு ஸ்குரூடிரைவரைவிடப் பொறுமைதான் சீக்கிரம் தேய்கிறது; கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற சகோதரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்முனையில் என் கடை.

செத்துப்போன கெமரா

நற்பிட்டிமுனையிலிருந்து வயல்காரர் ஒருவர் வந்தார். கெமரா திறக்கவில்லை. நெல்லில் விழுந்த பூச்சியைப் படமெடுத்து மருந்துக் கடைக்கு அனுப்ப வேண்டுமாம். போனைத் திருப்பினேன். பின்பக்கத்தில் டோர்ச் எரிந்துகொண்டிருந்தது. பழைய போன்களில் டோர்ச் செயலிக்கென்று தனி விளக்குக் கிடையாது. கெமராவைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் அதன் ஃபிளாஷை எரிக்கும். அது விடும்வரை கெமரா வேறு யாருக்கும் திறக்காது. டோர்ச்சை நூர்த்தேன்; வெளிச்சம் அணைந்தது, கெமரா திறந்தது. அவர் என்னையும் கடையையும் ஒரு தடவை பார்த்தார்.

"லைட்ட நூக்கிறதுக்கும் ஒரு கடையா தம்பி?"

அனுமதி

சல்மா ராத்தா வீட்டில் அபாயா தைத்து விற்கிறவர். ஓடர் எல்லாம் போனில்தான் வரும். டோர்ச் பட்டன் இல்லாத அவருடைய பழைய போனில் செயலியை ஏற்றிக் கொடுத்தவன் நான். அது படம் எடுக்கவும் வீடியோ பதியவும் அனுமதி வாங்கியிருப்பதை அவருடைய கணவர் பார்த்துவிட்டார். வீட்டுக்குள் யாரோ பார்க்கிறான் என்று முடிவுகட்டி, பெருநாளைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, போனை அலுமாரியில் வைத்துப் பூட்டப்போகிறாராம்; ராத்தா கடைக்கு வந்து சொன்னார். இப்போதே அழித்துவிடுகிறேன் என்றேன். ராத்தா போனைத் தரவில்லை.

"அழிச்சா, களவு செஞ்சிட்டு அழிச்சன் எண்டுதான் சொல்லுவார். அவர்ர கண்ணுக்கு முன்னால காட்டுங்க."

கண்ணுக்கு முன்னால்

மறுநாள் அஸர் தொழுதுவிட்டுக் கணவர் வந்தார், மனைவியின் போனுடன். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. கெமரா அனுமதியை நிறுத்தினேன், டோர்ச் எரியவில்லை. திரும்பக் கொடுத்தேன்; எரிந்தது.

"படம் எடுக்காது எண்டு சத்தியம் பண்ணுவியா?"

"இத எழுதினவன எனக்குத் தெரியாது காக்கா. சத்தியம் பண்ண ஏலா."

பிறகு அவருடைய போனைக் கேட்டு வாங்கினேன். அதிலும் அதே செயலி, அதே அனுமதி. போன வருடம் ஏற்றியவனும் நான்தான். அவர் மெதுவாக உட்கார்ந்தார். தன் போனைத் திரும்ப வாங்கி, கெமராக் கண்ணைப் பெருவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டார்.

"அவட போன அவட்டயே குடுக்கிறன். முதல்ல என்ட போனில இத அழி தம்பி, வீட்டில நான் வெறும் மேலோட திரியிற ஆள்."

டோர்ச் கேட்டு வருகிறவர்களை இப்போதெல்லாம் பற்றரி லைட் விற்கும் எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுகிறேன். அந்தக் கடைக்காரரிடம் இதுவரை ஒரு குடும்ப வழக்கும் போகவில்லை.